ஈசிஆர் பாஸ்போர்ட்டில் மலேசியா போகும் அம்மா: சாட்பாட் பதிலை நம்பலாமா?

அடுத்த மாதம் அம்மா சென்னையிலிருந்து தனியாகக் கோலாலம்பூர் போகிறார், அக்கா வீட்டுக்கு. பத்தாவது முடிக்காததால் ஈசிஆர் பாஸ்போர்ட், அதாவது வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகும் முன் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற வகை. வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் குடிபெயர்வு அனுமதி தேவை, சும்மா பார்த்துவரப் போனால் தேவையில்லை என்றுதான் எனக்குத் தெரியும், ஆனால் ஏஐ சாட்பாட்டிடம் கேட்டால் தமிழில் ஒரு பதில், ஆங்கிலத்தில் வேறு பதில், இரண்டையும் அடித்துச் சொல்கிறது! மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இலவசமாகப் பதியலாம், அது சரி. மீனம்பாக்கம் இமிக்ரேஷனில் நிஜமாக என்னென்ன கேட்கிறார்கள்? ரிட்டர்ன் டிக்கெட், அக்காவின் அழைப்புக் கடிதம், கைச்செலவுப் பணம் எல்லாம் காட்டச் சொல்வார்களா? அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்கு அந்தக் கவலை வேறு. சமீபத்தில் இப்படிப் பெற்றோரை அனுப்பியவர்கள் சொல்லுங்களேன். சாட்பாட் பதிலையே இங்கே ஒட்டிவிடாதீர்கள், ப்ளீஸ்.