நிறத்துக்கு அர்த்தம் உண்டா, நாம் ஏற்றி வைத்ததா?

அலைநீளம்:
கவிதைப் பகுதியில் ஒருவர் சிவப்பு என்றாலே கோபம், நீலம் என்றாலே அமைதி, இதெல்லாம் இயற்கையே வைத்த அர்த்தம் என்று எழுதியிருந்தார். அங்கே பதில் எழுத ஆரம்பித்து நீண்டுவிட்டதால் தனியாகப் போடுகிறேன். என் கட்சி இதுதான்: நிறத்துக்கு அர்த்தம் கிடையாது. இன்னும் சொல்லப்போனால் வெளியுலகத்தில் நிறமே கிடையாது. அங்கே இருப்பது சுமார் 380 முதல் 700 நானோமீட்டர் வரையான மின்காந்த அலைகள், அவ்வளவுதான். நியூட்டனே 1704ல் வந்த ஒளியியல் நூலில், கதிர்களுக்கு நிறம் கிடையாது, நிற உணர்வைத் தூண்டும் தன்மைதான் உண்டு என்று சொல்லிவிட்டார். சந்தேகம் இருந்தால் போன் திரையில் ஒரு மஞ்சள் படத்தை வைத்து நல்ல பூதக்கண்ணாடியால் பாருங்கள். சிவப்பும் பச்சையும் எரிந்துகொண்டிருக்கும், நீலம் அணைந்து கிடக்கும், மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது. விழித்திரையில் நிறத்தை உணர உதவும் மூன்று வகைக் கூம்பு செல்களில் இரண்டு வகை ஒருசேரத் தூண்டப்படுகின்றன, மூளை அதை மஞ்சள் என்று கணக்கெழுதிக்கொள்கிறது. மெஜந்தா இன்னும் மோசம், வானவில்லில் அதற்கு இடமே கிடையாது. இப்படி மண்டைக்குள் உருவாகிற ஒன்றின் மேல் கோபம், தூய்மை என்று லேபிள் ஒட்டிவிட்டு இயற்கை என்றால் எப்படி?

உண்துறை:
மண்டைக்குள் இருப்பதாலேயே அது இல்லை என்றாகிவிடுமா சார்? ஊசியிலும்தான் வலி இல்லை, குத்தினால் வலிக்கிறதே.

சிவப்பு என்றால் கோபம் என்ற வாய்ப்பாட்டை நானும் ஏற்கவில்லை, அது தேர்வுக்குப் படிக்கிறவர்கள் போட்டுக்கொள்வது. நல்ல கவிஞர்கள் நிறத்தை அப்படிக் கையாள்வதில்லை. பசலையை, அதாவது காதலனைப் பிரிந்தவள் மேனியில் படர்வதாகப் பாடும் அந்த வெளிறிய நிறத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். குறுந்தொகை 399ல் ஊரார் நீர் எடுக்கும் கேணியில் படர்ந்த பாசியோடு அதை ஒப்பிடுகிறார் பரணர்: "தொடுவுழித் தொடுவுழி நீங்கி விடுவுழி விடுவுழிப் பரத்தலானே". காதலன் தொட்ட இடத்தில் விலகுகிறது, கையை எடுத்த இடத்தில் மறுபடி படர்கிறது. பாசி பிடித்த தண்ணீரைக் கையால் ஒதுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒதுக்கின வட்டம் எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்ளும் என்று. குறள் 1187ல் இன்னும் வேகம். தழுவிக் கிடந்தவள் சற்றே விலகினாள், அதற்குள் அள்ளிக்கொள்கிற மாதிரி வந்துவிட்டது பசப்பு. பசலை என்பது தோலின் மேல் நடக்கிற ஒரு சம்பவம், பிரிவு கண்ணுக்குத் தெரிகிற விதமே அதுதான். அந்த நிறத்தைப் பிடுங்கிவிட்டுப் பாட்டைப் படியுங்கள், ஒன்றும் மிஞ்சாது.

அலைநீளம்:
அருமையான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். பசலைக்கு அர்த்தம் கொடுத்தது அந்தக் கவிதை மரபு. அந்த மரபு தெரியாத ஒருவர் அதே மேனியைப் பார்த்தால் ரத்தசோகை என்பார். இயற்கையே வைத்த அர்த்தம் என்றால் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறக்கூடாது அல்லவா? பிங்க் நிறம் பெண் குழந்தைக்கு, நீலம் ஆண் குழந்தைக்கு என்று இன்றைக்கு உலகமே நம்புகிறது. 1918ல் அமெரிக்காவில் குழந்தை உடை வணிகர்களுக்கான ஓர் இதழ் இதைத் தலைகீழாகச் சொன்னது, பிங்க் உறுதியான நிறமாம், ஆகவே பையன்களுக்காம். ஒரு நூற்றாண்டுகூடத் தாங்காத அர்த்தம் என்ன அர்த்தம்?

மூன்று வகைக் கூம்புகளும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு தூண்டப்படுகின்றன என்று ஒரு வரைபடம் இணைத்திருக்கிறேன், பாருங்கள். உச்சங்கள் ஏறக்குறைய 420, 530, 560ல். இயற்கை நமக்குக் கொடுத்தது இந்த மூன்று வளைகோடுகள்தான், மிச்சமெல்லாம் நம் கைவேலை.

உண்துறை:
பிங்க் கதை கடைக்காரர்கள் கட்டியது, அதை வைத்து எல்லா நிறத்தையும் தள்ளிவிட முடியாது. 1969ல் பெர்லின், கே என்ற இருவர் பல மொழிகளின் நிறப்பெயர்களை ஒப்பிட்டு எழுதினார்கள். ஒரு மொழியில் இரண்டே அடிப்படை நிறப்பெயர்கள் இருந்தால் அவை கருமையும் வெண்மையும், மூன்றாவது வந்தால் அது சிவப்பு என்றார்கள். பின்னால் விமர்சனங்கள் வந்தன, விதியில் திருத்தங்களும் செய்தார்கள், ஆனால் சிவப்பு முந்திக்கொள்வது பெரும்பாலும் நிற்கிறது. ஒருவரோடு ஒருவர் பேசியே இராத மக்கள் ஏன் பச்சைக்கு முன்னால் சிவப்புக்குப் பெயர் வைத்தார்கள்? ரத்தம், நெருப்பு, பழுத்த பழம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதையும் கைவேலை என்பீர்களா?

இருகூம்பு:
உங்கள் இரண்டு பேருக்கும் இது தத்துவம், எனக்கு அன்றாடத் தொல்லை. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவன் நான். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேருக்கு ஒருவர் இப்படி என்பார்கள், காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களிடம் மிகக் குறைவு.

எங்கள் கூட்டத்தின் மூத்தவர் வேதியியலாளர் ஜான் டால்டன். 1794ல் தன் பார்வையைப் பற்றித் தானே ஓர் உரை வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலமாக இருப்பதால்தான் தனக்கு இப்படி என்று நினைத்தார், செத்த பிறகு கண்ணை அறுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டும் போனார். 1844ல் பார்த்தார்கள், நீர்மம் தெளிவாகத்தான் இருந்தது. பாதுகாத்து வைத்த அந்தக் கண்ணிலிருந்து 1995ல் டி.என்.ஏ. எடுத்தபோதுதான் நடுத்தர அலைநீளக் கூம்புக்கான மரபணு இல்லை என்று தெரிந்தது. மனுசன் செத்தும் தரவு கொடுத்திருக்கிறார்!

சொல்ல வந்தது இது. போக்குவரத்து விளக்கில் நான் நிறம் பார்ப்பதில்லை, மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்க்கிறேன். சார்ஜரில் ஒரே பல்பு, ஏறும்போது சிவப்பு, நிறைந்தால் பச்சை, எனக்கு இரண்டும் ஒன்று. ஆக நிறத்தின் அர்த்தம் என்பது பெரும்பான்மைக் கண்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். என்னைக் கேட்காமலே போட்டது. உண்துறை சாருக்கும் ஒன்று: செம்புலப் பெயல்நீர் பாட்டு எனக்கும் பிடிக்கும். அந்த மண் உங்களுக்கு எப்படித் தெரியுமோ, எனக்கு ஏதோ மங்கிய பழுப்பு. மழைநீர் மண்ணோடு கலந்தபின் பிரிக்க முடியாது என்பது எனக்கும் முழுசாகப் புரிகிறது. நிறத்தைப் பிடுங்கினால் ஒன்றும் மிஞ்சாது என்றீர்களே, எனக்கு மிஞ்சியிருக்கிறது.

கருஞ்சாந்து:
இவ்வளவு நேரம் பேசியும் யாரும் தோலைத் தொடவில்லை, ஆச்சரியம்தான். விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தெரியும் அல்லவா? 660, 940 நானோமீட்டரை ஒட்டிய இரண்டு ஒளிகளை விரல் வழியே அனுப்பிக் கணக்குப் போடுகிறது. மூளை, மரபு, கவிதை ஒன்றும் நடுவில் கிடையாது. ஆனால் 2020ல் அமெரிக்க நோயாளிகளின் தரவை வைத்து வந்த ஆய்வில், கருவி ஆக்சிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டி ஆபத்தில்லை என்று தோன்றச் செய்தபோது, தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய 12 சதவீதம், வெள்ளையரிடம் 4 சதவீதத்துக்கும் குறைவு. தோலுக்குக் கருமை தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். கருவியை அளவு திருத்தும்போது போதுமான கருந்தோல் விரல்கள் அதில் இல்லாவிட்டால் விளைவு இப்படித்தான் வரும். கலர் பிலிம் காலத்திலும் இதே கதை, வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் இருந்த அட்டையை வைத்துத்தான் அச்சின் நிறச் சமநிலையைச் சரிபார்த்தார்கள்.

அர்த்தமே கிடையாது என்று அலைநீளம் எழுதுவது சுலபம். யாருடைய தோல் இயல்பு, யாருடையது விதிவிலக்கு என்ற அர்த்தம் கருவிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது சார்.

அலைநீளம்:
கருஞ்சாந்து, இதில் நீங்கள் என் எதிரி இல்லை. 2005ல் வரிமீனில் (ஆய்வகங்களில் வளர்க்கும் ஜீப்ரா மீன்) தொடங்கிய ஓர் ஆய்வு எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணுவைக் கண்டது. ஐரோப்பியர்களின் வெளிர்தோலுக்கு அதில் ஒரே ஓர் எழுத்து மாறியது கணிசமான காரணம். ஓர் எழுத்து! அதன் மேல் உயர்வு தாழ்வு என்று கோபுரம் கட்டியது மனிதர்கள். அந்த அர்த்தம் பொய் என்று சொல்வதுதானே முதல் வேலை?

கருஞ்சாந்து:
பாரதி பூனைக்குட்டிகளை வைத்து "எந்த நிறமிருந்தாலும் அவை யாவும் ஒரே தரமன்றோ" என்று எப்போதோ சொல்லிவிட்டார், என் பெயரே அந்தப் பாட்டிலிருந்து எடுத்ததுதான். பொய் என்று சொல்லி முடித்தாயிற்று. சொன்ன பிறகும் கருவி தப்பாகத்தானே காட்டியது? பொய்யாகவே இருந்தாலும் அது வேலை செய்கிறது, யாருக்கு எதிராகச் செய்கிறது என்று அளந்து பார்க்காமல் "நிறம் மாயை" என்பது வெளிர்தோல்காரர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிற தத்துவம்.

உண்துறை:
கருஞ்சாந்து சொல்வதில் பாதியை ஏற்கிறேன், ஆனால் நிறத்தின் அர்த்தம் எல்லாமே அதிகாரம் என்று போய்விடாதீர்கள். பசலைக்கு எந்த அதிகாரம்?

கருஞ்சாந்து:
பசலை படர்வது யார் மேனியில்? பிரிந்து போனவன் மேனியில் படர்ந்ததாகப் பாட்டு இருந்தால் எண் கொடுங்கள், பேசுவோம்.

இருகூம்பு:
அவர் எண் தேடட்டும். அலைநீளம் சார், நீங்கள் போட்ட வரைபடத்தில் 530, 560 கோடுகளை பச்சையிலும் சிவப்பிலும் வரைந்திருக்கிறீர்கள் போல, எனக்கு இரண்டும் ஒரே கோடு. ஒன்றைப் புள்ளிக்கோடாக மாற்றிப் போடுங்கள், அப்புறம் நானும் சண்டைக்கு வருகிறேன்.