லுக்குட் வீட்டுக் குழு: பருந்து வரும் சனிக்கிழமை

காலை 8:05

அம்மா: போய்ச் சேர்ந்துவிட்டாயா? பசியாறினாயா? தொப்பி எடுத்துக்கொண்டாயா?

நான்: பசியாறிவிட்டேன், அம்மா. போர்ட்டிக்சன் பக்கத்துக் கடல்முனை தஞ்சோங் துவான், அதன் கேட்டைத் தாண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறோம். உணவுப் பையை மார்போடு அணைத்து வருகிறேன், வழியெல்லாம் குரங்குகள்.

பெரிய மாமா: பதினொரு மணி வாக்கில்தானே பருந்து வரும்? இவ்வளவு சீக்கிரம் ஏன்? நான் நிதானமாக வருகிறேன்.

நான்: வலசை வரும் பருந்துகளை எண்ணுவது 9 மணிக்குத் தொடங்குகிறது, மாமா. முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே வராமல் போகலாம். அப்போதும் தாளில் பூச்சியம் போட வேண்டும். கட்டத்தை வெறுமனே விட்டால், பறவை வரவில்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று பிறகு படிப்பவருக்குத் தெரியாது.

சித்தி: பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கிருந்து வருகின்றன? ஏன் அந்த இடத்துக்கே வருகின்றன?

நான்: எதிரே சுமத்ரா, சித்தி. நேர் எதிரே ரூப்பாட் தீவு, இங்கிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர். நிலம் வெயிலில் சூடானால் வெப்பக்காற்று மேலே எழும். பருந்து அதற்குள் புகுந்து, சிறகை விரித்தபடியே சுற்றிச் சுற்றி உயரம் ஏறிவிடும். கடலுக்கு மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் அகலம் குறைந்த இடமாகப் பார்த்துத்தான் மலாக்கா நீரிணையைக் கடக்கும். சுமத்ரா பக்கம் ஏறிய உயரத்தை வைத்துக்கொண்டு சறுக்கி வரும். உயரம் தீர்ந்தால் சிறகடித்தே வர வேண்டும். களைத்துப்போன சில, மரத்தலை உயரத்தில் நம் தலைக்கு மேலேயே வந்து சேரும். அந்த நேரத்தில் இறகுகளுக்கு இடையே வெளிச்சம் தெரியும். பார்த்தால்தான் புரியும், சித்தி.

காலை 10:34

பெரிய மாமா: [புகைப்படம்] வந்தவுடன் எனக்குத்தான் முதல் பருந்து!

அம்மா: ஐயோ, கருடன்! கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நான்: கருடனேதான், அம்மா, செம்பருந்து. ஆனால் அது இந்தக் கடற்கரையிலேயே குடியிருப்பது. வலசை வருவதை மட்டுமே எண்ணுகிறோம். கடற்கழுகு ஒன்றும் சுற்றுகிறது, அதுவும் இங்கே இருப்பதுதான்.

காலை 11:47

பெரிய மாமா: வந்துவிட்டன. கடலுக்கு மேல் முதலில் கொசுபோல ஒரு புள்ளி, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியவில்லை. கழுத்து நீண்டு, தலை புறாத்தலை அளவுக்குத்தான் இருக்கிறது. ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்று செம்மண் நிறம். மூன்று சாதியா?

நான்: எல்லாமே தேன் பருந்து, மாமா. ஒரே இனத்தில் இத்தனை நிறம். இங்கே கடப்பவற்றில் பெரும்பாலானவை இதுதான்.

பகல் 12:26

பெரிய மாமா: குடும்பத்தாரே, நீங்களே நியாயம் சொல்லுங்கள். காட்டுக்கு மேல் ஒரு கூட்டம் சுழல்கிறது. ஐம்பதுக்குக் குறையாது. 50 என்று எழுது என்றேன். எழுத மாட்டேன் என்கிறாள்.

நான்: சுழலும்போது ஒரே பறவை கண்ணில் மூன்று முறை படும், மாமா. உச்சிக்குப் போனதும் சுழலை விட்டு ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகக் கிளம்பும். அப்போதுதான் எண்ண வேண்டும். எண்ணு கருவியில் ஒரு பறவைக்கு ஓர் அழுத்து. இப்போது கிளம்பி முடிந்தன: 41.

பெரிய மாமா: நான் 43 எண்ணினேன்.

நான்: பக்கத்தில் நிற்பவர் விரல் நீட்டிக் காட்டலாம், எண் சொல்லக் கூடாது என்பது எங்கள் குழுவில் வழக்கம். காதில் விழுந்த எண் கையை இழுத்துவிடும். அடுத்த மணிக்கு ஓர் எண்ணு கருவியை உங்களிடம் தருகிறேன். வாயைத் திறக்காமல் எண்ணுங்கள்.

பகல் 1:40

தம்பி: தாத்தா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
“ரப்பர் பால்மரம் இலை உதிர்க்கும் மாதத்தில்தான் அது வரும். மற்ற மாதத்தில் நிரைக்குள் நின்றால் வானமே தெரியாது. இலை கொட்டிவிட்டால் பாலும் குறையும், கூலியும் குறையும். பால் எடுக்கும் நேரத்தில் வாளியை இறக்கி வைத்துவிட்டு மேலே பார்ப்பேன். வரிசையாகப் போகும். உங்கள் பாட்டிக்கும் காட்டியிருக்கிறேன். ஒருநாள் ஒன்று மரத்தில் இறங்கிக் குளவிக்கூட்டைப் பிய்த்தது. குளவி மொய்த்தும் அது அசையவில்லை.”

நான்: தாத்தா! அதுதான் தேன் பருந்து. குளவிக்கூட்டிலிருக்கும் புழுதான் அதன் முக்கிய உணவு. கொட்டு படாமலிருக்க முகத்தில் செதில்போல இறகு நெருக்கமாக இருக்கும். இத்தனை வருடம் இதை எங்களிடம் சொல்லவே இல்லையே.

தம்பி: “யாரும் கேட்கவில்லை” என்கிறார். “அந்தக் காலத்தைவிட இப்போது அதிகமா, குறைவா? அங்கே விசாரித்துச் சொல்” என்கிறார்.

நான்: விசாரித்தேன். 2000-ஆம் ஆண்டிலிருந்துதான் மலேசிய இயற்கைச் சங்கம் இங்கே பருந்து பார்க்கும் விழா நடத்துகிறது. தாத்தா வாளியை இறக்கி வைத்துப் பார்த்த வருடங்களுக்கு இங்கே யாரிடமும் தாள் இல்லை. மாமா, நீங்கள் சொன்ன 50-ஐ நான் எழுதாததற்கு இதுதான் காரணம். என் பேரன் இதே கேள்வியைக் கேட்டால், அவனுக்குக் கிடைக்கும் எண் கண்ணால் பார்த்து எண்ணியதாக இருக்க வேண்டும்.

பெரிய மாமா: சரி அம்மா. 41.

சித்தி: இங்கிருந்து எங்கே போகும்?

நான்: வடக்கே. சீனா, சைபீரியா, ஜப்பான் வரை கூடு கட்டப் போகின்றன. ஜப்பானில் சில தேன் பருந்துகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். இலையுதிர் காலத்தில் அங்கிருந்து கிளம்பியவை கடல் கடந்து சீனாவுக்கு வந்து, மலாயாத் தீபகற்பம் வழியாகச் சுமத்ராவுக்கும் அதற்கு அப்பாலும் போயின. ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். பிள்ளைகளை உலகப்படத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாலை 4:38

நான்: சுமத்ரா பக்கம் மழை இருட்டிவிட்டது. தாளை மூடுகிறோம். கடைசி ஒரு மணி நேரம்: தேன் பருந்து 12, ஜப்பானிய வல்லூறு 1, அடையாளம் தெரியாதவை 7.

பெரிய மாமா: அந்த 7-ம் தேன் பருந்துதான். நானும் பார்த்தேன்.

நான்: அப்படித்தான் எனக்கும் தோன்றுகிறது, மாமா. ஆனால் கரும்புள்ளியாகவே போய்விட்டன, கழுத்தும் வாலும் தெரியவில்லை. அவற்றுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில்தான் போகும்.

தம்பி: நாளைக்கும் உண்டா என்று தாத்தா கேட்கிறார்.

அம்மா: அந்த மேட்டில் அப்பாவால் ஏற முடியாது. மூட்டுவலி.

பெரிய மாமா: ஏற வேண்டாம். கேட்டுக்குக் கீழே மரநிழல் இருக்கிறது. இன்று இறங்கி வரும்போது நின்று பார்த்தேன், அங்கேயும் தலைக்கு மேல் போகின்றன. சாய்வு நாற்காலியைக் காரில் ஏற்றிவிடுகிறேன். பத்து மணிக்கு வாசலில் இருப்பேன்.

தம்பி: வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்கிறார்.