கடை வெப்சைட்டை மாமா போன் வாசிக்க மாட்டேங்குது. நல்ல சுட்டி இருந்தா போடுங்க

கல்லிடைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில எங்க அத்தை அப்பளம் போடுதாவ. தெருவுல நாலு பொம்பளையளச் சேத்துக்கிட்டு உளுந்து மாவு, பிரண்டைச் சாறு, மொட்டை மாடியில காயப் போடுறதுன்னு ஊருக்கே பழகின தொழில்தான். போன மாசம் அவுகளுக்கு நானே ஒரு வெப்சைட் செஞ்சு குடுத்தேன். நான் படிச்சது பி.காம். வெப்சைட் எழுதுற ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் எல்லாம் யூடியூப்லயும் எம்டிஎன்ங்கற இலவசப் பாடத் தளத்துலயும் பொறுக்கினது. இலவசமா கிடைச்ச டெம்ப்ளேட்டை எடுத்து நிறத்தை மாத்தி, படத்தைப் போட்டேன். பாக்க நல்லாத்தான் இருந்தது.

மாமாவுக்கு கிளாக்கோமால ரெண்டு கண்ணும் போயி ஆறு வருசம் ஆச்சு. போன்ல திரையை வாசிக்கிற டாக்பேக் போட்டு எல்லாத்தையும் காதாலதான் பாக்காவ. "நம்ம கடையத் திறந்து குடு பிள்ளே"ன்னாவ. குடுத்தேன். போன் "டூ ஃபிஃப்டி"ன்னுச்சு. பெறவு சத்தமே இல்ல. விரலைத் தள்ளினா "ஒன் ட்வென்ட்டி". மறுபடியும் அமைதி. உளுந்து அப்பளம், 250 கிராம், 120 ரூபான்னு நான் போட்டிருந்ததுல எண்ணை மட்டும் சொல்லிட்டு தமிழ முழுசா முழுங்கிட்டு.

விலைப்பட்டியல் பக்கம் அதுக்கு மேல. அங்க "எம், கே, செமிகோலன், கே, ஹெச்"னு இங்கிலீஷ் எழுத்தா ஒப்பிக்க ஆரம்பிச்சுட்டு. நான் போனைப் பிடுங்கப் போனேன். மாமா என் கையைத் தட்டிவிட்டு, "ஏட்டி, அம்மான்னு போட்டிருக்கே!"ன்னாவ. அவுக அம்பாசமுத்திரத்துல இருபது வருசம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினவுக. தமிழ் மெஷின்ல எம் சாவி அ, கே சாவி ம, ஹெச் சாவி துணைக்கால். கண்ணு போனாலும் விரல் மறக்கல. தலைப்பு "அம்மா கைப்பக்குவம்"தான்.

அத்தை சிரிச்சாவ, நானும் சிரிச்சேன். ராத்திரி படுக்கையில வெக்கமாப் போச்சு. வாங்க வாரவுக எல்லாரும் டைப்ரைட்டிங் மாஸ்டராவா இருக்கப் போறாவ?

இத எப்படிச் சரி பண்ண? இன்னொண்ணு, ஆர்டர் பாரம் ஒண்ணும் சேக்கணும். பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் வாங்குவோம். அதுல எதைக் கவனிக்கணும்? நீங்க மெய்யாவே திறந்து பாக்குற சுட்டியளை மட்டும் சொல்லுங்க. "டாப் 50 டூல்ஸ்" வேண்டாம், அதுல பாதி செத்துப் போன சுட்டி.

பாளை_குரல்:

தங்கச்சி, உங்க மாமாவுக்கு முதல்ல என் வணக்கத்தைச் சொல்லுங்க. நானும் பார்வை இல்லாதவன்தான். கம்ப்யூட்டர்ல என்விடிஏங்கற திரை வாசிப்பான், போன்ல டாக்பேக்.

டெம்ப்ளேட்டோட ரெண்டாவது வரியைத் திறந்து பாருங்க. ஹெச்டிஎம்எல் டேக்ல 'லாங்'னு ஒண்ணு இருக்கும், பக்கம் எந்த மொழின்னு சொல்றது. அதுக்கு 'இஎன்'னு, அதாவது இங்கிலீஷ்னு, மதிப்பு இருக்கும். டெம்ப்ளேட் எழுதினவன் இங்கிலீஷ்காரன், நம்ம ஆளுங்க அதை மாத்துறதே இல்லை. தமிழுக்கான 'டிஏ'ன்னு மாத்துங்க. எந்தக் குரலை எடுக்கணும்னு வாசிப்பான் அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுது. இங்கிலீஷ் குரல்கிட்ட தமிழை நீட்டினா அது எண்ணை மட்டும் பொறுக்கிட்டுப் போயிடும். இது ஏதோ ஆடம்பரம் இல்லை. எல்லாரும் பயன்படுத்துற மாதிரி வெப்சைட் செய்யுறதுக்கான டபிள்யூசிஏஜி விதிகள்ல அடிப்படையான 'ஏ' நிலையிலேயே 3.1.1னு எழுதி வெச்சிருக்கு.

மாமா போன்ல தமிழ்க் குரல் இறங்கியிருக்கான்னும் பாத்துக்கோங்க. விண்டோஸ்ல உள்ள தமிழ்க் குரலுக்கு வள்ளுவர்னே பேரு. நான் என்விடிஏ கூடவே வர்ற ஈஸ்பீக் குரலைத்தான் வெச்சிருக்கேன். தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு உலுக்கின மாதிரி இருக்கும், ஆனா எவ்வளவு வேகமா ஓட்டினாலும் சொல் புரியும்.

விலைப்பட்டியல் கதை வேற. அது பாமினிங்கற பழைய எழுத்துரு. டிடிபி கடையில அடிச்ச பழைய ஃபைல்ல இருந்து எடுத்து ஒட்டியிருப்பீங்க. உள்ள கிடக்குறது இங்கிலீஷ் எழுத்துதான், அதுக்கு மேல தமிழ்ப் படம் வரைஞ்ச முகமூடி. கண்ணுள்ளவங்க முகமூடியைப் பாக்காங்க, எங்க காதுக்கு உள்ள இருக்கிறது அப்படியே வந்துடுது. கூகுள் தேடலும் என்னைப் போலக் குருடுதான், பாமினியில உள்ள அப்பளத்தை அது கண்டுபிடிக்கவே செய்யாது. தமிழ்நாடு அரசே 2010ல, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாறச் சொல்லி ஆணை போட்டாச்சு, டிடிபி கடைகளுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரலை. 'பாமினி யூனிகோடு மாற்றி'ன்னு தேடுங்க, இலவசமா நிறைய இருக்கு. மாத்தின பிறகு ஒரு தடவை முழுசா வாசிங்க. கொம்பும் காலும் சில சமயம் இடம் மாறி உக்காந்துக்கும்.

நான் அடிக்கடி போறது, எங்களைப் போல உள்ளவங்களுக்கும் ஏத்த வெப்சைட் செய்யச் சொல்லிக் குடுக்கிற வெப்எய்ம் தளம். படத்துக்கு மாற்றுரை, அதாவது படத்துக்குப் பதிலா வாசிப்பான் வாசிக்கிற வரி, எழுதுறது பத்தி அங்க ஒரு கட்டுரை இருக்கு, அதைப் படிச்சா போதும். வருசாவருசம் பத்து லட்சம் முகப்புப் பக்கத்தைச் சோதிச்சு அறிக்கை போடுதாங்க. 2019ல தொடங்கின நாள்ல இருந்து முதலிடத்துல உள்ள தப்பு ஒண்ணே ஒண்ணுதான்: வெளுத்த எழுத்து. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 வேறுபாடு வேணும். அவங்களோட 'வேவ்' கருவியில உங்க முகவரியைக் குடுங்க, சிவப்பா காட்டும். அப்பளப் படத்துக்கு 'ஐஎம்ஜி 4032'ன்னு மாற்றுரை வெச்சிருந்தா அது எவ்வளவு அபத்தம்னு வேவுக்குப் புரியாது. அதுக்கு உங்க மாமாதான் வேணும்.

சீக்கிரம்_முடி:

எதுக்கு இவ்வளவு பாடு? ஓவர்லேன்னு ஒரு வரி ஸ்கிரிப்ட் இருக்கு. ஒட்டினா மூலையில வீல்சேர் பொம்மை வரும், ஏஐ எல்லாத்தையும் சரி பண்ணிடும்.

பாளை_குரல்:

அண்ணாச்சி, அந்தப் பொம்மை வந்த பக்கத்துல நான் முதல்ல தேடுறது அதை அணைக்கிற பட்டனைத்தான். எந்தத் தளத்தையும் விதிப்படி ஆக்கிடுவோம்னு விளம்பரம் செஞ்ச ஒரு ஓவர்லே நிறுவனத்து மேல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2025 ஜனவரியில 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லிட்டு. ஒரு வரியில தீருற வேலைன்னா அது 'லாங்' வரி மட்டும்தான்.

தென்காசி_சாரல்:

பாரம் பத்தி நான் சொல்லுதேன். அப்பளம் அனுப்ப பேரு, விலாசம், நம்பர் போதும். டெம்ப்ளேட்ல பிறந்த தேதின்னு ஒரு கட்டம் சும்மா நிக்கும், அதைத் தூக்கிருங்க. நம்மகிட்ட இல்லாத தகவலை யாரும் திருட முடியாது. 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதுக்குக் கேக்கோம்னு சொல்லித்தான் கேக்கணும்ங்குது.

வர்ற ஆர்டர் எங்க போய் விழுதுன்னு பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எல்லாத்தையும் ஒரு கூகுள் ஷீட்ல கொட்டி, 'சுட்டி உள்ள யாரும் பாக்கலாம்'னு திறந்து வெச்சு, அதே சுட்டியை கூரியர் பையன் வாட்ஸ்அப்லயும் போட்டிருந்தார். முந்நூறு வீட்டு விலாசம் வே!

எழுத்துருவை கூகுள் ஃபான்ட்ஸ்ல இருந்து இழுக்காதீங்க. வாரவங்க ஒவ்வொருத்தரோட ஐபி முகவரியும், அதாவது இணையத்துல அவங்களுக்கு உள்ள எண்ணும், அங்க போகும். ஜெர்மனியில மியூனிக் கோர்ட் 2022 ஜனவரியில இதுக்காகவே ஒரு தளத்துக்காரரை 100 யூரோ குடுக்க வெச்சுது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் ரெண்டும் திறந்த உரிமம்தான். இறக்கி உங்க சர்வர்லயே வெச்சுக்கலாம், பக்கமும் சீக்கிரம் திறக்கும்.

என் சுட்டி ஒண்ணு: தி மார்க்கப்ங்கற செய்தித் தளத்தோட 'பிளாக்லைட்' கருவி. முகவரியைக் குடுத்தா அந்தப் பக்கத்துல யார் யார் ஒளிஞ்சு நின்னு பாக்காங்கன்னு சொல்லிடும். இலவச டெம்ப்ளேட்டுக்குள்ள என்ன கிடக்குன்னு அப்பத்தான் தெரியும்.

அப்புறம் மொட்டை மாடிப் படம். போன்ல எடுத்த ஃபைலை அப்படியே ஏத்தினா அதுக்குள்ள ஜிபிஎஸ் இடம் பதிஞ்சிருக்கலாம். அத்தை வீட்டு மாடியை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம். ஏத்துறதுக்கு முன்னாடி அழிச்சிருங்க.

கல்லிடைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 'லாங்' மாத்த அரை நிமிசம் ஆச்சு. பாமினியை மாத்த ஒரு சாயங்காலம் போச்சு, பாளை அண்ணன் சொன்ன மாதிரியே கொம்பெல்லாம் தாறுமாறு. பிளாக்லைட்ல போட்டா நான் வைக்காத மூணு டிராக்கர் வந்து நிக்குது. டெம்ப்ளேட்டோட வந்த சனியன். பிடுங்கி எறிஞ்சாச்சு. ஜிபிஎஸ்ஸும் இருந்தது, மாடி மட்டுமில்ல, அடுக்களைப் படத்துலயும். பிறந்த தேதிக் கட்டமும் இருந்தது, எப்படித்தான் தெரிஞ்சுதோ!

நேத்து சாயங்காலம் மாமாகிட்ட மறுபடி குடுத்தேன். திண்ணையில உக்காந்து முதல்ல இருந்து கடைசி வரை கேட்டாவ, அத்தையும் பக்கத்துல நின்னு கேட்டாவ. முடிஞ்ச பெறவு ஒரு இடத்துக்குத் திரும்பிப் போயி எழுத்து எழுத்தா நகத்தினாவ. ரெண்டு தடவை.

"பிள்ளே, மூணாவது தலைப்புல அப்பலம்னு ல போட்டிருக்க. ளகரத்துக்கு எஸ் சாவி, இடது மோதிர விரல்."

ஒரு மாசமா அந்தப் பக்கத்தை எத்தனை பேரு பாத்திருக்கோம்.