புதுப்பிப்பு: நோக்கியா போஹும் ஆலை, மானியப் பணம் என்ன ஆனது?

2008 ஜனவரியில் ஜெர்மனியின் போஹும் ஆலையை மூடி, உற்பத்தியை ருமேனியாவுக்கு மாற்றப்போவதாக நோக்கியா அறிவித்ததையும், சுமார் 2,300 பேரின் வேலை போனதையும் இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். கீழே பலர் கேட்டது ஒன்றுதான்: லாபத்தில் ஓடிய கம்பெனியிடம், அந்த ஆலைக்குக் கொடுத்த மானியத்தை அரசு திரும்ப வாங்க முடியாதா?

அங்கேதான் சிக்கல். மானிய ஒப்பந்தத்தில் 'இத்தனை வேலை, இந்த ஆண்டு வரை' என்று கெடு இருக்கும். அறிவிப்பு வந்தபோது அந்தக் கெடு முடிந்துவிட்டது. அதனால் மாநில அரசு மூடலைக் காரணமாகக் காட்டாமல், கெடு காலத்திலேயே வாக்களித்த எண்ணிக்கையில் ஆள் இல்லை என்ற பிடியை எடுத்தது. அரசியல்வாதிகள் நோக்கியா போனைக் கைவிட்டது செய்திக்கு நல்ல தலைப்பு, அவ்வளவே.

தொழிலாளிக்குக் காசு வந்த வழி வேறு. ஜெர்மன் சட்டப்படி தொழிலாளர் மன்றத்தால் (ஆலையின் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிக் குழு) ஆலை மூடலைத் தடுக்க முடியாது. ஆனால் இழப்பீட்டுத் திட்டத்தைக் கட்டாயமாக்க முடியும். பேச்சு இழுத்தால் நடுவர் குழு தீர்மானிக்கும். அந்தப் பிடியால்தான் சுமார் 20 கோடி யூரோ கிடைத்தது. வயதும் பணிக்காலமும் பார்த்துப் பிரிப்பதே வழக்கம் என்பதால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம்தான். ஏஜென்சி மூலம் வந்த தற்காலிக ஆட்கள் இந்த மாதிரித் திட்டங்களில் பொதுவாகச் சேர்வதே இல்லை.

உற்பத்தி மாறிப்போன ருமேனியாவின் ஜுகு ஆலையையும் 2011-இல் மூடினார்கள். நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் நின்றது. அதற்கு வரித் தகராறும் சேர்ந்த தனிக் கதை.