புதுப்பிப்பு: கொல்லிமலை டென்ட் ட்ரிப் போய்ட்டு வந்தாச்சு

போன வாரம் அம்மா, ரெண்டு வாண்டுங்களோட மொத தடவை டென்ட்ல தங்கப்போறோம், என்ன எடுத்துட்டு போகணும்னு கேட்டிருந்தேன்ல, அதுக்குதான் இது. 70 கொண்டை ஊசி வளைவுக்கு எலுமிச்சம்பழம் வச்சுக்கோன்னு சொன்ன புண்ணியவானுக்கு கோடி நன்றி, சின்னவன் மட்டும் நாப்பதாவது வளைவுல வாந்தி எடுத்துட்டான், கவர் இருந்ததால சீட்டு தப்பிச்சுது.

ஒரு மிளகு தோட்டத்துல காசு குடுத்து இடம் வாங்கிதான் டென்ட் போட்டோம். வீட்டு மொட்டை மாடியில ஒரு தடவை விரிச்சு பாத்துட்டு போனது ரொம்ப நல்லதா போச்சு, இல்லன்னா இருட்டுல எந்த கம்பி எதுக்குன்னே தெரிஞ்சிருக்காது. ஆனா மழை இல்லயேன்னு மேல் ஷீட்ட போடாம விட்டேன் பாருங்க, விடியக்காலைல பனி எறங்கி போர்வையெல்லாம் ஈரம், அம்மா ராத்திரியே கார்ல போய் படுத்துட்டாங்க (புத்திசாலி).

சாப்பாட்டுக்கு புளிசாதம், பொடி தடவுன இட்லி, அவ்ளோதான், அடுப்பு தூக்கிட்டு போனது வேஸ்ட். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல படி, எறங்குறது ஈசி, ஏறும்போது சின்னவன் என் தோள்ல. அம்மா அறப்பளீஸ்வரர் கோயில்லயே உக்காந்துட்டாங்க.

பெரியவ இப்ப ஹால்ல டென்ட் போட்டு அதுலதான் தூங்குறா.