காட்டுப்பன்றி வேட்டைக்கு அசைவைக் கண்டு எரியும் விளக்கு: நாமே செய்யலாமா?

கரிசல்மண்:
டெக்சஸ்ல எங்க புல்வயலைப் பன்னிக் கூட்டம் விடிய விடிய கிளறிப் போட்டுட்டுப் போகுது. தீனி கொட்டற ஃபீடருக்கு மேல விளக்கு மாட்டி, பன்னி வந்தா தானா எரியற மாதிரி செய்யப் போறேன். அசைவைக் கண்டுபிடிக்க ஹெச்சி-எஸ்ஆர்501 சென்சார், விளக்குக்கு சுவிட்சா ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட், 10 வாட் சிவப்பு எல்இடி, 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி. மாஸ்ஃபெட்டைத் திறக்கற கேட் முனையில ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டா வெளிச்சம் மெதுவா ஏறும்தானே?

மின்கம்பி:
செய்யுங்கண்ணே. ஆனா கெப்பாசிட்டரை நம்பாதீங்க. கேட் வோல்டேஜ் ஏறிக்கிட்டே இருக்கும், விளக்கு இருட்டாவே கிடக்கும்; ஒரு அளவைத் தாண்டினதும் சட்டுனு முழுசா எரிஞ்சிடும். பன்னி ஓடறதே அந்தச் சட்டுன்னு வர்ற வெளிச்சத்துக்குத்தான். நடுவுல ஏடிடைனி85ன்னு ஒரு சின்ன புரோகிராம் சிப் வெச்சு, பிடபிள்யூஎம்ல, அதாவது விளக்கை வேகமா போட்டுப் போட்டு அணைச்சு, பத்துப் பதினைஞ்சு வினாடி எடுத்து வெளிச்சத்தை ஏத்துங்க. சென்சார் தர்றது 3.3 வோல்ட்தான், சிப்புக்கு 5 வோல்ட் கொடுத்தா மாஸ்ஃபெட்டும் நல்லாத் திறக்கும். பன்னி அசையற வரைக்கும் விளக்கு அணையாம இருக்க, சென்சார்ல இருக்கற ஜம்பரை (முனைகளை இணைக்கற சின்னத் தொப்பி) ரிப்பீட் பக்கம் போட்டுடுங்க.

வேலியோரம்:
எனக்கு இந்த யோசனையே பிடிக்கல. அந்த சென்சார் எட்டறது ஏழு மீட்டர்தான். உடம்புச் சூட்டுக்கும் சுத்துப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் அது வேலை செய்யுது. வெயில் காலத்து ராத்திரியில தரை தணல் மாதிரி கிடக்கும்போது அந்தத் தூரமும் குறையும். போதாததுக்கு ரக்கூனும் மானும் ஃபீடருக்கு வந்து வந்து விளக்கைப் போட்டுக்கிட்டே இருக்கும்.

மங்கலா 1 வாட் சிவப்பு விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும். சில நாள்ல பன்னி அதை நிலா வெளிச்சம்போலப் பழகிக்கும். உங்க பேட்டரியில 84 வாட்-அவர் இருக்கு, 12 மணி நேரத்துக்குச் செலவு 12தான். சின்ன சோலார் பேனல் ஒண்ணு மாட்டினா முடிஞ்சுது. நிறம் சிவப்பாவே இருக்கட்டும். பன்னிக் கண்ணுல இருக்கறது ரெண்டு வகை நிற உணரிதான்: ஒண்ணு நீலத்துக்கு, இன்னொண்ணு 556 நானோமீட்டர் பக்கம். பச்சை அதுக்கு நல்லாவே தெரியும், 630ல இருக்கற சிவப்பு மங்கலாத்தான் தெரியும்.

மின்கம்பி:
நிறத்துல எனக்கும் அதே கருத்துதான். சென்சார் விஷயத்துக்கு வழி இருக்கு. நேரா எதிர்க்க வர்றதைவிடக் குறுக்கே போறதைத்தான் அது நல்லாப் பிடிக்கும். ஃபீடரைப் பார்த்து வைக்காம, பன்னித் தடத்துக்குக் குறுக்கே வைங்க. லென்ஸோட கீழ்ப்பாதியில கறுப்பு டேப் ஒட்டினா, தரையோடு போற சின்ன மிருகம் பெரும்பாலும் தப்பிச்சிடும்.

கூண்டுக்காரன்:
விளக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றைச் சுட்டால் மிச்சக் கூட்டம் சிதறிப் பக்கத்து நிலத்துக்குப் போகும், அடுத்த முறை இன்னும் உஷாராக வரும். சினைக்காலம் ஏறக்குறைய 115 நாள்தான். சுட்டதை அடுத்த ஈத்து ஈடுகட்டிவிடும். மிசூரி மாநில வனவளத் துறை 2016இல் தன் நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. கூண்டு வைத்து மொத்தக் கூட்டத்தையும் பிடிக்கும் வேலையைத் துப்பாக்கிச் சத்தம் கெடுக்கிறது என்பதுதான் காரணம்.

கரிசல்மண்:
கூட்டத்துக்குக் கூண்டு சரிங்க. என் வயலுக்கு ஒத்தைப் பன்னியும் வருது, அது கூண்டு வாசல்ல மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுது. அதை என்ன பண்ணச் சொல்றீங்க? இங்க 2019 செப்டம்பர்ல இருந்து, தனியார் நிலத்துல உரிமையாளர் சம்மதிச்சா லைசென்ஸ்கூட வேண்டாம்.

வேலியோரம்:
லைசென்ஸ் வேண்டாம், கண்ணு வேணும். விளக்கு எரிஞ்சா பன்னின்னு அர்த்தமில்லை. பக்கத்துப் பண்ணைக் கன்னுக்குட்டியா இருக்கலாம், நாயா இருக்கலாம், வேலி சரிபார்க்க வந்த ஆளாவும் இருக்கலாம். எரிஞ்சதும் கை விசைக்குப் போற பழக்கம் வந்துடுமோன்னுதான் எனக்கு பயமே. ராத்திரியில மானைச் சுட்டா அது குற்றம். உட்கார்ற அன்னிக்கு வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கற கேம் வார்டனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க.

சென்சார் வெச்சே ஆகணும்னா விளக்கோட சேர்க்காதீங்க. தடத்துல சென்சார், அதுல பரண் பக்கம் மட்டும் திரும்பின ஒரு பொட்டு எல்இடி. அது உங்களை உஷார்ப்படுத்தினா போதும். என்ன மிருகம், அதுக்குப் பின்னாடி என்ன இருக்குங்கறதை மங்கல் வெளிச்சத்துல ஸ்கோப் வழியா நீங்கதான் பார்த்து முடிவு பண்ணணும்.

மின்கம்பி:
அதை ஒத்துக்கறேன். எல்இடியை ஒரு சின்னக் குழாய்க்குள்ள செருகிட்டா பக்கவாட்டுல ஒளி கசியாது. ஆனா ராத்திரி முழுக்க எரியற விளக்கு வேண்டாம்னுதான் இன்னும் சொல்வேன். அதுல மான் கூட்டமும் பழகிடும், ஃபீடரை விட்டு நகராது.

கூண்டுக்காரன்:
கரிசல்மண், முதலில் தடத்தில் ஒரு கேமரா வைத்து வருவது எது என்று பாருங்கள். ஒத்தைப் பன்றி என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. குட்டிகளோடு தாய்ப்பன்றிகள் வந்தால் அன்று துப்பாக்கியைத் தொடாதீர்கள். கூண்டின் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சோளம் போட்டு வாருங்கள். கடைசிக் குட்டி வரை பயமில்லாமல் உள்ளே போய் வந்த பிறகு கதவை விழ வைக்கலாம்.