தானாக வாசிக்கும் பியானோ: மெல்லிய இடங்களில் சுரங்கள் விடுபடுகின்றன. தரமே இவ்வளவுதானா?

புதுவாசிப்பு:
அவசரம். தானாக வாசிக்கும் பியானோ ஒன்று வாங்கினோம். ஒலியைக் குறைத்து வைத்தால் நடுப்பகுதியில் சில சுரங்கள் வருவதே இல்லை. கட்டை இறங்குகிறது, சத்தம் இல்லை. ஒலியைக் கூட்டினால் எல்லாம் வருகின்றன. திருப்பிக் கொடுக்கும் கெடு நெருங்குகிறது. இந்த வகை சாதாரணப் பியானோவுக்கு ஈடாகுமா, ஆகாதா?

சுத்தியல்காரர்:
கம்பிகள் படுக்கைவாட்டில் இருக்கும் கிராண்டா, நிமிர்ந்து நிற்கும் வகையா? தொழிற்சாலையிலேயே பொருத்தியதா, பிறகு சேர்த்ததா? சத்தமின்றி வாசித்து ஹெட்போனில் கேட்கும் வசதி உண்டா? கையால் வாசிக்கும்போதும் விடுபடுகிறதா? இதில் ஒன்றுகூடத் தெரியாமல் என்ன சொல்வது?

ஈரமானி:
அறையின் ஈரப்பதம் எவ்வளவு? கட்டைகளின் துளைகளில் ஒட்டியிருக்கும் கம்பளித்துணி ஈரத்தில் உப்பினால் கட்டை இறுகிவிடும். எதையும் கழற்றுவதற்கு முன் ஈரப்பதமானி வாங்குங்கள்.

கோப்புப்பிரியர்:
எந்தக் கோப்பை ஓட்டுகிறீர்கள்? எந்தச் சுரத்தை எவ்வளவு வலிமையாக அடிப்பது என்று கருவிக்குச் சொல்லும் சாதாரண மிடி கோப்பில் வலிமைக்கு 127 படிகள்தான். ஸ்டைன்வே நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த ஸ்பிரியோ என்ற தானாக வாசிக்கும் பியானோவில் 1020 படிகள். மட்டமான கோப்பைப் போட்டுவிட்டுப் பியானோவைப் பழிக்கக் கூடாது.

சுத்தியல்காரர்:
படிகள் குறைவு என்றால் நயம் குறையும். சுரமே காணாமல் போகாது.

மூத்தகாது:
தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை போலிருக்கிறது. இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். கட்டைகளைத் தாங்கும் பலகையை நீளவாட்டில் அறுத்து மின்காந்தச் சுருள்களைச் செருகியபின் அது பியானோ அல்ல, மரச்சாமான். 1904-இல் வெல்டே-மிக்னான் என்ற தானாக வாசிக்கும் கருவி துளையிட்ட காகிதச் சுருளையும் காற்றையும் வைத்துச் செய்ததை இவை இன்றுவரை எட்டவில்லை. வாசிக்கத் தெரிந்தவர் இதை வாங்கமாட்டார்.

சுத்தியல்காரர்:
அறுப்பது உண்மை. ஆனால் ஒலி பிறப்பது கம்பியிலும் சுத்தியலிலும் ஒலிப்பலகையிலும். சுருள்கள் கட்டையின் பின்முனையைக் கீழிருந்து தள்ளுகின்றன, அவ்வளவுதான். ஒழுங்காகப் பொருத்தியிருந்தால் வாசிப்பவர் விரலுக்கு அவை இருப்பதே தெரியாது.

சுருள்வாசி:
மூத்தகாது ஐயாவுக்கு: இசையமைப்பாளர் மாலர் 1905-இல் வெல்டேவுக்கு வாசித்த காகிதச் சுருள்களைக் கேட்டு நானும் உருகியவன்தான். ஆனால் அந்தக் கருவிகளில் காற்றழுத்தம் கட்டைகளை இடப்பக்கம், வலப்பக்கம் என இரண்டு பகுதிகளாக மட்டுமே ஆண்டது. ஒரே கை வாசிக்கும் சுரக்கொத்தில் ஒரு சுரத்தை மட்டும் தூக்கிக் காட்ட வேண்டுமென்றால் காகிதத்தில் அதன் துளையைக் கொஞ்சம் நகர்த்துவது போன்ற உபாயங்கள் தேவைப்பட்டன. இன்றோ கட்டைக்கு ஒரு மின்காந்தச் சுருள், 88-க்கும் தனித்தனி வலிமை.

மூத்தகாது:
அப்படியென்றால் ஆம்பிகோ என்ற அதேபோன்ற காகிதச் சுருள் கருவிக்கு வாசித்த பியானோ மேதை ராக்மானினாஃபுக்குக் காது கேட்கவில்லையா?

சுருள்வாசி:
நன்றாகவே கேட்டது. அந்தச் சுருள்கள் பதிவுக்குப் பிறகு திருத்தப்பட்டவை என்பதும் உண்மை.

மூத்தகாது:
ஒலிப்பதிவு எதுதான் திருத்தப்படவில்லை? நீங்கள் வாதத்தை மாற்றுகிறீர்கள்.

ஈரமானி:
சுருள் காகிதமும் ஈரத்தில் விரியும். அதை யாரும் பேசவில்லை.

புதுவாசிப்பு:
நிமிர்ந்த வகை. கடையில் பிறகு பொருத்திக் கொடுத்தார்கள். ஹெட்போன் வசதி உண்டு. மகள் மெதுவாக வாசித்தாலும் அதே சுரங்கள் விடுபடுகின்றன. அது முக்கியமா?

சுத்தியல்காரர்:
அதுதான் விஷயமே. கையால் வாசித்தாலும் வரவில்லை என்றால் குற்றவாளி மின்காந்தச் சுருள்கள் அல்ல. பியானோவில் சுத்தியல் கம்பிவரை கட்டையோடு போவதில்லை. கம்பியை நெருங்கும்போது விடுபட்டு, மிச்ச தூரத்தைத் தன் வேகத்தில் கடந்து அடிக்கிறது. நன்றாகச் சீர்செய்த பியானோவில் அந்தத் தூரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். சத்தமில்லா வசதிக்குச் சுத்தியல்களின் காம்பை மறிக்கும் தண்டு ஒன்று வைக்கிறார்கள். காம்பு அதில் மோதும் முன்பே சுத்தியல் விடுபட்டாக வேண்டும், இல்லையென்றால் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆகவே சுத்தியல் விடுபடும் அந்த இடைவெளியை அதிகமாக்கிவிடுவார்கள். பலமாக அடித்தால் வித்தியாசம் தெரியாது. மெதுவாக அடித்தால் சுத்தியல் கம்பியை எட்டாமலே திரும்பும். பழகிய விரல் அதை உணர்ந்து அழுத்தத்தைக் கூட்டும். இயந்திரத்துக்கு அந்த வித்தை தெரியாது.

இடைவெளியைக் கட்டை கட்டையாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது முடிந்தபின், ஒவ்வொரு கட்டைக்கும் ஒலி எழுப்பத் தேவையான குறைந்தபட்ச விசையைக் கருவிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பயனில்லை. ஹெட்போன் வசதி கட்டாயம் தேவையா என்பதையும் யோசியுங்கள்.

தயங்குபவர்:
நானும் வாங்க நினைக்கிறேன். சரியாகப் பொருத்தினால் தரம் சமம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சுத்தியல்காரர்:
ஒரே மாதிரிப் பியானோ இரண்டை எடுத்துக்கொண்டால், ஆம். ஆனால் ஒரே தொகைக்கு வாங்குவதாக இருந்தால், கணிசமான பங்கு இயந்திரத்துக்குப் போய்விடும். பியானோ ஒரு படி சிறியதாகத்தான் கிடைக்கும். நாள் முழுக்க ஓடவிட்டால் சுத்தியலின் கம்பளியும் சீக்கிரம் தேயும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

மூத்தகாது:
நான் சொன்னதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்.

புதுவாசிப்பு:
சரியாகிவிட்டது. தண்டைக் கழற்றி, இடைவெளியைக் குறைத்தார்கள். திருப்பிக் கொடுக்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

தயங்குபவர்:
மிகக் குறைந்த ஒலியிலும் எல்லாச் சுரங்களும் வருகின்றனவா? கருவிக்கு மறுபடி கற்றுக்கொடுத்தார்களா, இல்லை இடைவெளியை மட்டும் சரிசெய்தார்களா?